வயேஹோ மாடல் கலர்: ஒரு செஞ்சட்டைச் சிப்பாய்க்கு 15 பாட்டில் போதும்

சிறு பொம்மைகளுக்குப் பூசும் வண்ணம் செய்யும் வயேஹோ நிறுவனத்தின் மாடல் கலர் வரிசையில் 200-க்கு மேல் நிறங்கள். கடைத் தட்டைப் பார்த்ததும் பெரிய பெட்டியாக வாங்கிவிடத்தான் கை போகும். வேண்டாம். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய் ஒருவனை 28 மி.மீ. அளவுப் பொம்மையாகப் பூசி முழுதாக முடிக்க 15 நிறங்கள் போதும். அவற்றைத் தனித்தனி பாட்டிலாக வாங்குவதே லாபம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட சிப்பாய் 69-ஆம் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவன். ஆண்டு 1815, இடம் வாட்டர்லூ. நமக்குத் தெரிந்த ரெஜிமெண்ட்தான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது உள்ளே இருந்த பிரிட்டிஷ் படை இதன் நான்கு கம்பெனிகள் (படைப் பிரிவுகள்). வேலூரில் இருந்தது முதல் பட்டாலியன், வாட்டர்லூவில் நின்றது இரண்டாவது. பொம்மைக்கு பெர்ரி, விக்ட்ரிக்ஸ் இரண்டு நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகளும் பொருந்தும்.

முதலில் பாட்டில். இந்த ஸ்பானிய நிறுவனம் அனிமேஷன் படச் சுருளுக்கான வண்ணம் செய்து தொடங்கியது. சொட்டுமூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில்தான் இன்று இதன் அடையாளம். பழைய பதிப்பு 17 மி.லி., புதியது 18. மூடியைத் திறந்து வைக்கும் டப்பாக்களைவிட இதில் வண்ணம் காய்வது மிகவும் குறைவு, சொட்டு எண்ணிக் கலக்கவும் முடிகிறது. குறை என்னவென்றால் நிறமி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் பிழிந்தால் முதலில் வருவது கண்ணாடி போன்ற நீர்தான். அதைப் பூசினால் மூடவும் செய்யாது, காய்ந்ததும் பளபளக்கும். “இந்த நிறம் மேட்டாக (பளபளப்பின்றி) இல்லை” என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதில்தான் முடியும். பாட்டிலுக்குள் இரண்டு கண்ணாடி மணி போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். சைக்கிள் பேரிங் குண்டு போடாதீர்கள், துருப்பிடித்து நிறத்தையே மாற்றிவிடும். மூக்கு அடைத்தால் பாட்டிலை அழுத்தக் கூடாது. அடைப்பு தெறித்து மேசையெல்லாம் சிவப்பாகும். மூக்கைக் கழற்றி குண்டூசியால் குத்தினால் போதும்.

பாட்டிலிலிருந்து வரும்போது வண்ணம் தோசை மாவுப் பதத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது நீர்மோர்ப் பதம். அடிப்பூச்சுக்கு இரண்டு சொட்டு வண்ணத்துக்கு ஒரு சொட்டு தண்ணீர், மேல் அடுக்குகளுக்குச் சரிபாதி. சென்னை, மதுரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் சாதாரண தட்டில் இது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் மெழுகு பூசாத பட்டர் பேப்பர்: ஈரத் தட்டு தயார். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவத்தையும் வயேஹோ விற்கிறது. பத்துச் சொட்டுக்கு ஒன்றுக்கு மேல் போனால் பிசுபிசுப்பு நாள் கணக்கில் நிற்கும், விரல் ரேகை பதியும்.

மாடல் கலரின் உண்மையான பலவீனம் பிடிப்பு. வெறும் பிளாஸ்டிக்கில் பூசினால் நகம் பட்டாலே உரிந்துவிடும். எனவே பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி, பிளாஸ்டிக் சிமெண்ட்டால் ஒட்டிய பின் பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) கட்டாயம். இதே நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் பாலியூரிதீன் வகை. பிரஷ்ஷாலும் பூசலாம், ஆனால் 24 மணி நேரம் விட வேண்டும். பொறுமையில்லாமல் அடுத்த நாள் காலைக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ரப்பர்த் தோல் போல் உரிந்து வரும். இந்த விஷயத்தில் ஸ்ப்ரே டப்பாவே மேல். ஆனால் அழுத்த டப்பாக்களை விமான கூரியர் ஏற்காது. ஹார்டுவேர் கடைக் கார் பிரைமரோ சில வேளை பிளாஸ்டிக்கையே அரிக்கும். பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டில் அடித்துப் பார்த்த பிறகே பொம்மைக்குப் போங்கள். மழை நாளில் அடித்தால் மேற்பரப்பு ரவை போல் சொரசொரக்கும். நிறம் சாம்பலாக இருக்கட்டும். கறுப்பின் மேல் சிவப்பு ஏற நான்கைந்து பூச்சு பிடிக்கும்.

இனி சிவப்பு. எந்தக் கம்பெனி வண்ணத்துக்கும் சோதனை இதுதான், மாடல் கலர் நன்றாகத் தேறுவதும் இங்கேதான். சாதாரண சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி வகைச் சாயத்தில் தோய்த்த செங்கல் சிவப்பு; பளீர் சிவப்பு அதிகாரிகளுக்கு. முழு அணியையும் ஒரே தீச்சிவப்பில் பூசினால் பொம்மை பொம்மையாகவே தெரியும். அடியில் கேவல்ரி பிரவுன் (70.982; அடைப்புக்குள் இருப்பது பாட்டிலின் நிற எண்) இரண்டு மெல்லிய பூச்சு. அதன்மேல் ஃப்ளாட் ரெட் (70.957) இரண்டு பங்கும் கேவல்ரி பிரவுன் ஒரு பங்கும் கலந்து, மடிப்புகளின் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள். மூன்றாவது அடுக்கு தனி ஃப்ளாட் ரெட்: தோள், முழங்கை, மார்பின் மேல்பகுதி. கடைசியாக அதில் கால் பங்கு லைட் ஆரஞ்சு (70.911) சேர்த்து விளிம்புகளில் மயிரிழைக் கோடு. வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் சிப்பாய் ரோஜாப் பூ நிறத்துக்கு வந்துவிடுவான். நிழலுக்குக் கறுப்பு கலந்தால் சேறு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே பத்து நிமிடம் காய விடுங்கள். பாதி காய்ந்ததன்மேல் பிரஷ் ஓடினால் அடிப்பூச்சு சுருண்டு கிழியும். பிறகு தண்ணீர் வைத்து அதைச் சமாளிக்க முடியாது, முழுக்கக் காய்ந்தபின் தேய்த்து மறுபடி பூச வேண்டியதுதான்.

கழுத்துப்பட்டி, கைமடிப்பு, தோள்பட்டைகளில் வருவது ரெஜிமெண்ட்டின் அடையாள நிறம். 69-க்கு அது வில்லோ பச்சை. அந்தப் பெயரில் பாட்டில் தேட வேண்டாம்: லைட் கிரீன் (70.942), ஸ்டோன் கிரே (70.884) சரிபாதி. வாட்டர்லூவில் தளபதி ஹால்கெட்டின் படையணியில் இதனுடன் நின்ற 30-ஆவது வெளிர் மஞ்சள், 33-ஆவது சிவப்பு, 73-ஆவது கரும்பச்சை. ஒரே பெட்டிப் பொம்மைகளை நான்கு ரெஜிமெண்ட்டாக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, மஞ்சள் இந்த வரிசையிலும் சரியாக மூடாது. அடியில் ஸ்டோன் கிரே கொடுத்த பிறகே மஞ்சள்.

குறுக்குப் பட்டைகளைத் தூய வெள்ளையில் தொடங்குவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. ஸ்டோன் கிரேயில் தொடங்கி ஐவரியில் (70.918) முடித்தால் களிமண் பூசி வெளுப்பாக்கிய தோல் போலவே இருக்கும். கோட்டுக்கும் பட்டைக்கும் நடுவே அடி பிரவுன் மெல்லிய கோடாகத் தெரியட்டும். தூரத்திலிருந்து உருவத்தைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கோடுதான். மார்புப் பொத்தான் பின்னல்களுக்கும் ஐவரியே. நியூட்ரல் கிரே (70.992), லைட் கிரே (70.990) கால்சட்டைக்கு. ஷாக்கோ தொப்பி, முதுகுப் பை, தோட்டாப் பெட்டி, காலணி எல்லாம் பிளாக் (70.950), விளிம்புக்கு பிளாக் கிரே (70.862). தண்ணீர்க் குடுவை வெளிர் நீலம், பாஸ்டல் ப்ளூ (70.901). முகத்துக்கு மஹோகனி பிரவுன் (70.846) அடி, மேலே ஃப்ளாட் ஃப்ளெஷ் (70.955). கண் வெள்ளை போட முயலாதீர்கள். இந்த அளவில் அது பேயறைந்த முழியாகிவிடும், புருவத்தடியில் ஒரு கருங்கோடு போதும். இத்தனைக்கும் ஒரே பிரஷ்: நல்ல கோலின்ஸ்கி மயிர், 1-ஆம் எண். மிகச் சிறிய 000 எண் வாங்கினால் வண்ணம் பொம்மையைத் தொடும் முன் முனையிலேயே காய்ந்துவிடும்.

துப்பாக்கி இந்தியா பேட்டர்ன் மஸ்கெட். கிழக்கிந்திய கம்பெனிக்காக வடிவமைக்கப்பட்டு, பின்னர் பிரிட்டிஷ் அரசே எடுத்துக்கொண்டது. கட்டைக்கு மஹோகனி பிரவுன், பூண்களுக்கு பிராஸ் (70.801). குழல் பளபளக்கும் இரும்பு, அதற்கு நேச்சுரல் ஸ்டீல் (70.864). கருஞ்சாம்பல் பூசுவது தவறு. உலோக நிறங்களில் மாடல் கலர் சுமார்தான், துகள் பெரிதாகத் தெரிகிறது. இதே நிறுவனத்தின் 32 மி.லி. மெட்டல் கலர் நல்ல மினுமினுப்பு தரும், ஆனால் ஒரு துப்பாக்கிக் குழலுக்காக அதை வாங்குவது வீண். உலோகம் தொட்ட பிரஷ்ஷைத் தனிக் கிண்ணத்தில் அலசாவிட்டால் அடுத்து பூசும் முகத்தில் ஜிகினா ஒட்டும்.

கொடி பிடிப்பவரையும் செய்கிறவர்கள் கவனிக்க: 69-ஆவது தன் அரசர் கொடியை வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன், ஜூன் 16 அன்று, கத்ர் பிரா சண்டையில் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படையிடம் இழந்தது. பெட்டியோடு இரண்டு கொடிகள் வந்தாலும், 18-ஆம் தேதி வாட்டர்லூக் காட்சிக்குப் பச்சைப் பரப்புள்ள ரெஜிமெண்ட் கொடி மட்டுமே.

கடைசி வேலை வார்னிஷ். விளையாட்டு மேசையில் கைபடும் பொம்மைக்கு முதலில் கிளாஸ் (பளபளப்பு வார்னிஷ்), ஒரு நாள் கழித்து மேட். மேட் வார்னிஷை வண்ணத்தைவிட அதிகம் குலுக்க வேண்டும், பள்ளங்களில் தேங்கவும் விடக் கூடாது, தேங்கினால் வெண்படலம். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே வார்னிஷை எடுக்கவே வேண்டாம், பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவுங்கள். வெண்படலம் வந்தேவிட்டால் அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு கிளாஸ் கொடுத்தால் பெரும்பாலும் மறையும்.