அழிப்பதா, உடைப்பதா?

உப்புவெளி வீட்டில் எங்கள் ஹாட் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்து நின்றபோது அதைக் கழிக்குமுன் உள்ளே இருந்த தரவை அழிக்க இரண்டு வழிகள் இருந்தன: மென்பொருளால் மேலெழுதுவது, அதாவது பழைய தரவின் மேல் வேறு தரவை எழுதுவது; அல்லது தரவு பதியும் வட்டத் தட்டையே உடைப்பது.

டிஸ்க் ஒழுங்காக இயங்கினால் மேலெழுதுவதுதான் நல்லது. முழுவதும் ஒருமுறை எழுதினாலே போதும். பிறகு வேறொருவர் பாவிக்கலாம். பழுதானதில் அதை நம்ப முடியாது. கெட்ட பகுதிகளில் எழுத்து விழாது, பழைய தரவு அங்கேயே கிடக்கும்.

அதனால் உடைத்தேன். பச்சைச் சுற்றுப்பலகையை நொறுக்கிப் பயனில்லை. தரவு உள்ளே தட்டுகளில்தான் இருக்கிறது. லப்டொப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும். கண்ணுக்குக் காப்பு கட்டாயம். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்கில் பொதுவாக அலுமினியம். பல இடங்களில் துளைக்க வேண்டும். அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் அதில் இருந்தன. பழைய இரும்பு வாங்குபவரிடம் முழுசாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.