பொலேரோவின் பின்பட்டை தணிந்தால்: கேம்பர் ஏற்றுவதா, பிளேட் சேர்ப்பதா, புது செட் மாட்டுவதா?

பொலேரோவோ பொலேரோ பிக்கப்போ, வருஷக்கணக்கில் ஓடினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை, அதாவது வளைந்த இரும்புப் பிளேட்டுகளை அடுக்கிய கட்டு, ஒருநாள் தணியத்தான் செய்யும். சுமையே இல்லாமல் வண்டி பின்னால் குந்தி நிற்கும், ஒருபக்கம் சாயும், ஸ்பீட் பிரேக்கரில் பின் ஆக்சிலின் ஹவுசிங் மேலே போய் ரப்பர் ஸ்டாப்பரில் 'டம்' என்று இடிக்கும். ஸ்டாண்டில் நாலு பேரிடம் கேட்டால் மூன்று யோசனை வரும்: பட்டறையில் கொடுத்து கேம்பர் (பட்டையின் வளைவு) ஏற்று, கூட ஒரு பிளேட் போடு, இல்லை புது செட் வாங்கி மாட்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துச் செய்யப்போகிறீர்கள் என்றால் புது செட்தான், அதுவும் இரண்டு பக்கமும், பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டும், நுனிகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் சேர்த்து. விலை கையைக் கடிக்கும், தெரியும். இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பின் டயரிலும் காற்று ஒரே அளவா என்று பார்த்துவிட்டு, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வு முன்பக்க சஸ்பென்ஷனிலிருந்தும் வரலாம், பின்பட்டையை மாற்றினால் அது தீராது. பிறகு கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெயின் பிளேட் உடைவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: நுனியில் இருக்கும் கண் வளையத்தை ஒட்டி, அல்லது நடுவில் பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டையில். உடைந்த முகம் கண்ணில் பட்டால் நன்றாக உற்றுப் பாருங்கள். ஒரு ஓரம் துருவேறிக் கறுத்திருக்கும், மீதி புது இரும்பாகச் சாம்பல் நிறத்தில் மின்னும். கறுத்த பகுதி எப்போதோ கீறியது, மின்னுகிற பகுதிதான் இப்போது முறிந்தது. அப்படி ஒன்று ஒரு பிளேட்டில் தெரிந்துவிட்டால் அதே கட்டில் அதே வயதில் இருக்கும் மற்ற பிளேட்டுகளையும் நான் நம்ப மாட்டேன்.

சரி, கேம்பர் ஏற்றுவது. இதுதான் மலிவு, ஸ்பிரிங் பட்டறை பக்கத்திலேயே இருந்தால் வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் பட்டை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் இந்த வேலை ஏன் நிற்பதில்லை என்பதும் புரியும். ஸ்பிரிங் ஸ்டீலைச் சிவக்கச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி குறைந்த சூட்டில் வைத்து, சுமையில் இழுபடும் மேல்பக்கத்தில் இரும்புக் குண்டு பொழிந்து இறுக்குவார்கள். கடைசியில் முழுக் கட்டையும் ஓட்டத்தில் வரும் சுமையைவிட அதிகமாக அழுத்தி ஒருமுறை தணிய விடுவார்கள். அந்த அழுத்தத்தால் மேல்பக்கத்தில் ஒரு அமுக்க விசை உள்ளேயே தங்கிவிடும், பட்டைக்கு நீண்ட ஆயுள் கொடுப்பது அதுதான். பட்டறையில் சூடேற்றாமல் பச்சையாகச் சுத்தியலிலோ பிரஸ்ஸிலோ வைத்து வளைக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். சுமை வளைக்கும் திசைக்கு மறுபக்கமாக வளைப்பதால், அந்த அமுக்கம் போய் இழுவிசை தங்குகிறது. அதனால்தான் ஏற்றிய கேம்பர் கொஞ்ச நாளில் பழையபடி உட்காருகிறது, சிலசமயம் பிளேட்டே விட்டுப்போகிறது. முறையாகச் சூளையில் வைத்து, எண்ணெயில் போட்டு, திரும்பச் சூடு கொடுத்துத் தரும் பட்டறை கிடைத்தால் கதை வேறு. கேட்டுப் பாருங்கள், நேரில் போய்ப் பாருங்கள். கேஸ் கட்டர் பிழம்பைக் காட்டி அங்கங்கே சூடேற்றி வளைக்கிறார்கள் என்றால் பட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள், சூடு பட்ட இடம் பதம் கெட்டு மெத்தென்று ஆகிவிடும்.

பிளேட் சேர்ப்பதுதான் நம்மூரில் ரொம்பப் பிரபலம், எனக்குக் கோபம் வருவதும் அதன் மேல்தான். தணிந்த கட்டுக்கு நடுவில் ஒன்றைச் செருகினால் வண்டி நிமிரும், உண்மை. ஆனால் பழைய பிளேட்டின் சோர்வு அப்படியேதான் இருக்கிறது. வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கிப் போடும், ஈர ரோட்டில் திருப்பத்தில் டயர் பிடிப்பை விடும். அப்புறம் பிரேக். சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இணைப்போடு வால்வு இருக்கும் வண்டிகள் உண்டு. பின்பக்கம் எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதை வைத்து அது சுமையைக் கணித்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம் என்று முடிவு செய்கிறது. கூடுதல் பிளேட் போட்டால் முழுச் சுமையிலும் பின்பக்கம் உயரமாகவே நிற்கும். வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். சுமையோடு இறக்கத்தில் வரும் ஓட்டுநருக்கு இதைவிட மோசமாக என்ன செய்துவிட முடியும்? பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிளேட் கூடியதால் ஆர்சியில் அனுமதித்திருக்கும் எடை கூடிவிடாது. அதிகச் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

காயலான் கடையில் பழைய கட்டு வாங்கும் வழியும் இருக்கிறது. எந்த வண்டியில் எவ்வளவு சுமை தூக்கியது என்று தெரியாத பட்டையை வாங்கி அதே சிக்கலில் மறுபடி விழ வேண்டாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, புது செட். கம்பெனி பார்ட்ஸ் எடுக்கலாம், அல்லது யமுனா நகர் ஜம்னா ஆட்டோ மாதிரி வண்டிக் கம்பெனிகளுக்கே பட்டை செய்து கொடுப்பவர்களின் கட்டை எடுக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான், பெயரில்லாத கட்டைத் தவிர்த்தால் போதும். ஆனால் உங்கள் வண்டியின் சரியான மாடலுக்கு உரியதா என்று பாருங்கள், பயணிகள் பொலேரோவுக்கும் 1.7 டன் பிக்கப்புக்கும் பட்டை ஒன்றல்ல. நுனியை நோக்கி மெலியும் பாராபோலிக் பட்டையில் பிளேட் குறைவு, உராய்வும் குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும். சமத் தடிமனில் பல பிளேட் அடுக்கிய கட்டு முரட்டுச் சுமைக்கு ஏற்றது. ஒருபக்கம் அது, மறுபக்கம் இது என்று போடக்கூடாது.

இனி வீடா, ஒர்க்‌ஷாப்பா? துரு அதிகமில்லாத வண்டி, கான்கிரீட் தரை, இரண்டு ஜாக்கி, நல்ல ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், துணைக்கு ஒரு ஆள், இவ்வளவு இருந்தால் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். பட்டையின் ஒரு நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட், புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தால் மட்டும் ஒர்க்‌ஷாப் நல்லது, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான், அதைத் தூக்கிவிட்டால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை போட்டே ஆக வேண்டும். ஸ்டாண்ட் சேஸுக்கு அடியில், இரண்டாவது ஜாக்கி ஹவுசிங்குக்கு அடியில். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதற்குக் கீழே படுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஒருபக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஹவுசிங் முன்னும் பின்னும் நகர்ந்து, சென்டர் போல்ட் தலையை ஹவுசிங்கில் இருக்கும் அதன் குழியில் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தத் தலை குழிக்குள் முழுதாக இறங்கியதை விரல் விட்டுத் தடவிப் பார்த்தபிறகே யூ போல்ட்டை இறுக்குங்கள். பழைய யூ போல்ட் ஏற்கெனவே இழுபட்டு நீண்டது, திரும்பப் போட்டால் பிடிப்பு நிற்காது. பிடிப்பு தளர்ந்தால் பிளேட் நகரும், சென்டர் போல்ட் அறுபடும், ஹவுசிங் ஒருபக்கம் பின்னால் போய் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். நான்கு நட்டையும் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றிலும் மரை ஒரே அளவு வெளியே தெரியும்படி ஏற்றி, மேனுவலில் சொன்ன டார்க்கில் முடிக்க வேண்டும்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளை, அதாவது கண் வளையத்திலும் ஷேக்கிளிலும் இருப்பவற்றை, வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். கையால் திருகும் அளவுக்கு மட்டும் மாட்டி வைத்து, வண்டியை இறக்கி, சக்கரத்தில் எடை நின்றபிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பல ஒர்க்‌ஷாப்பில் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இது, வீட்டில் செய்வதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவதும் இதுதான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள், பிளேட்டுகள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போதே வீல் நடுவிலிருந்து மட்கார்டு அளவையும் திரும்ப எடுத்துக் குறித்து வையுங்கள்.