ஜெயிலிலிருந்து வருகிறவன் கதை: முட்டம் கடலா, குலசேகரம் ரப்பரா?

பத்து வருஷம் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருந்தவன் ஊர் திரும்புகிறான். குமரியில் சின்ன பட்ஜெட்டில் இதைப் படமாக்க நினைத்தால், நடிகரைத் தேடுமுன் அவன் என்ன வேலைக்குப் போகிறான் என்று முடிவு செய்யுங்கள்: முட்டத்தில் மீன்பிடிக்கவா, குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டவா? திரைக்கதையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

கடலின் பலம், வள்ளத்தில் தனியாகப் போக முடியாது என்பதுதான். கூட மூணு பேர் சம்மதிக்க வேண்டும். ஊர் சேர்த்துக்கொண்டதா இல்லையா என்பது, மீன் ஏலம் முடிந்து பங்கு பிரிக்கையில் அவன் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். வசனம் வேண்டாம்.

ஆனால் முட்டத்துக் காற்றில், சட்டையில் குத்தும் லேப்பல் மைக் எடுபடாது. டப்பிங்குக்குத் தனியாகப் பணம் வையுங்கள். லென்ஸில் உப்புத் தூவானம் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வேலை கிடைக்காமல் அவன் அலையும் காட்சிகளை அப்போது எடுக்கலாம். வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகள் காசில்லாத செட்.

இருந்தாலும் எங்கள் ஓட்டு ரப்பருக்கே. கத்திக்குத்து வழக்கில் உள்ளே போனவன் கையில், தோட்டக்காரர் பால்வெட்டுக் கத்தியைக் கொடுக்கிறார். இந்த ஒரு காட்சிக்கு ஈடாகக் கடலில் எதுவும் இல்லை. விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவான். பாதி லைட்டிங் அந்த டார்ச்சிலேயே முடிந்தது. வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். உள்ளே இருக்கும் கட்டைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிஞ்ச வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் அந்த இடம் முண்டு முண்டாகத் தடித்துவிடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. முதல் வாரம் காயப்பட்ட மரங்களும், கடைசியில் சிரட்டையில் சீராக வடியும் பாலும் போதும், அவன் மாறியது புரியும்.

படப்பிடிப்பில் சிக்கல், ஒரு டேக்குக்கு ஒரு மரம் என்பது. வெட்டிய பட்டையில் உடனே மறுபடி வெட்டினால் பால் அப்படி வராது. முறிக்கப்போகும் பழைய மரங்களைப் பேசி வாங்கி, நடிகரைப் பத்து நாளாவது பழக்குங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தவிர்ப்பது நல்லது: இலை உதிர்ந்து, சிவந்து, தளிர்த்து, காட்சிக்குக் காட்சி பொருந்தாமல் கன்டினியூட்டி கந்தலாகிவிடும். மழைநாளில் வெட்டே கிடையாது, மழைக்குப் பாலிதீன் கட்டிய மரங்கள் தவிர.

பேச்சில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நாகர்கோவில் 'மக்கா'வையும், தண்ணீரை 'வெள்ளம்' என்கிற விளவங்கோட்டுப் பேச்சையும் ஒரே வாயில் திணிக்காதீர்கள். இவனுக்கு மட்டும் சலுகை உண்டு: பத்து வருஷப் பாளையங்கோட்டையில் நெல்லைப் பேச்சு ஒட்டியிருக்கும். அதைக் கேட்டு டீக்கடையில் ஒருவர் "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று கேட்கட்டும், அவன் பிறந்த ஊரிலேயே.