திருவிருந்துக்கு அப்பம்: வேஃபரா, பேக்கரிப் பாணா, வீட்டில சுடுறதா?

போன வருசம் ஆடி மாசத்தில இருந்து எங்கட சபைத் திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிருற ஆராதனைக்கு, அப்பம் நான்தான் வீட்டில சுட்டுக் குடுக்கிறன். அதுக்கு முதல் கொழும்பில இருந்து எடுப்பிச்ச வேஃபர் எண்டுற மெல்லிய வட்ட அப்பம், அதுக்கும் முதல் சந்திப் பேக்கரிப் பாண். மூண்டும் எங்கட மேசையில இருந்தது, மூண்டையும் என்ர கையால தட்டில அடுக்கினனான், அதால எழுதுறன். வேற சபையளில இருக்கிற ரெண்டு மூண்டு அக்காமார் எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கேட்டுக்கொண்டும் இருக்கினம்.

முதல்லயே சொல்லிப்போடுறன், கத்தோலிக்கர் எண்டா இது உங்களுக்குச் சரிவராது. அவையின்ர திருச்சபைச் சட்டம் 924 கோதுமையில மட்டும் செய்ததா, பழுதாகாத புது அப்பமா இருக்கோணும் எண்டு சொல்லுது, 926 லத்தீன் முறையில புளிப்பில்லாததா இருக்கோணும் எண்டு சொல்லுது. 2004இல ரோமில இருந்து வந்த அறிவுறுத்தல் பழம், சீனி, தேன் சேக்கிறதைப் பேர் சொல்லியே தடுக்குது. நான் கீழ சொல்லப்போற அப்பத்தில எண்ணெயும் தேனும் இருக்கு. எங்கட பக்கம் அப்பிடி இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின்ர 1662 ஜெபப் புத்தகமே, ஆக்கள் வழமையாச் சாப்பிடுற அப்பம் போதும், ஆனா கிடைக்கிறதுக்குள்ள நல்ல சுத்தமான கோதுமை அப்பமா இருக்கட்டும் எண்டுதான் சொல்லுது. எங்கட ஐயரும், சபைப் போதகரைத்தான் சொல்லுறன், "புளிப்பில்லாமல் இருந்தா எனக்குச் சந்தோசம், மிச்சத்தை நீங்கள் பாருங்கோ" எண்டு விட்டிட்டார்.

பேக்கரிப் பாணைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. லேசு, மலிவு, எல்லா இடமும் கிடைக்கும், எல்லாருக்கும் பழகின ருசி. ஈஸ்ட் போட்டது எண்டுறது சிலருக்குப் பிரச்சினை, சிலருக்கு இல்லை, கிழக்கத்தைய ஓர்த்தடொக்ஸ் சபையள் புளிச்ச அப்பம்தானே வைக்கினம். எனக்குப் பிரச்சினை தூள்தான். கரையை வெட்டிப்போட்டுச் சதுரமா வெட்டி வச்சா, ஆராதனை முடியேக்க வெள்ளைச் சீலை முழுக்கத் தூள், முழந்தாள்படியிடுற இடத்திலயும் தூள். ஜெபம் பண்ணிக் குடுத்த அப்பம் நிலத்தில மிதிபடுறதைப் பாத்தா மனசு கேக்காது.

வேஃபரில தூள் இல்லை. ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில மாவும் தண்ணியும் ஊத்திச் சுட்டு வட்டமா வெட்டுறது, வேற ஒண்டும் இல்லை. வடிவா எண்ணி வைக்கலாம், காத்துப் போகாத டின்னில மாசக்கணக்கா இருக்கும். ஆனா எங்கட மாரிக்கு, கார்த்திகை மார்கழியில, டின்னை ஒருக்காத் திறந்தா அடுத்த மாசம் அது பேப்பர் மாதிரித் தோஞ்சு கிடக்கும். ஒருமுறை வந்த பெட்டியில பாதி நொருங்கித்தான் வந்தது, மாத்தித் தரவும் இல்லை. வயசுபோன ஆக்களுக்கு மேல்வாயில ஒட்டிக்கொள்ளுறதும் உண்மை. இதெல்லாம் சின்னக் குறையள்தான், சகிச்சுக்கொண்டு போயிருக்கலாம்.

சகிக்க ஏலாதது வேற. ஐயர் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டு எண்டு வாசிப்பார், ஆனா அங்க பிடுறதுக்கு ஒண்டும் இல்லை. வட்டம் வட்டமா ஏற்கனவே பிரிஞ்சுதான் கிடக்கு. பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் கடிதம் 10ஆம் அதிகாரத்தில, நாங்கள் கனபேரா இருந்தாலும் ஒரே அப்பத்தில பங்கெடுக்கிறதால ஒரே சரீரம் எண்டு சொல்லுறார். அதை வாசிச்ச கையோட 80 தனித்தனி வட்டத்தைக் குடுக்கிறது எனக்கு ஒவ்வொரு மாசமும் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய வேஃபர் ஒண்டு பிடுறதுக்கெண்டே வருது, தெரியும், ஆனா அது ஐயரோட முடிஞ்சுபோகும், சனத்துக்கு வாறது சின்ன வட்டம்தான்.

ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எல்லாத்தையும் தீர்மானிச்சது: எல்லாருக்கும் முன்னால வடிவாப் பிடக்கூடிய, எல்லாருக்கும் பகிரக்கூடிய ஒரு அப்பம் எது?

வீட்டில சுட்டா அது தானா வந்திடும் எண்டு நினைச்சன், வரேல்லை. முதல் மாசம் வெறும் கோதுமை மாவில, ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரி நல்லா அடிச்சுக் குழைச்சுச் சுட்டுக் கொண்டுபோனன். ஐயர் ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுப் பிட்டார், அது இழுபட்டுது. திருப்பி முறுக்கினார், ஒரு பக்கம் கிழிஞ்சு மற்றப் பக்கம் தொங்கிக்கொண்டு நிண்டது. சபை முழுக்க அமைதி, நான் ரெண்டாவது வாங்கில இருந்து கண்ணை மூடிக்கொண்டன். அண்டைக்குப் பின்னேரமே திரும்ப மாவைக் கையில எடுத்திட்டன்.

இழுபடுறதுக்குக் காரணம் குளூட்டன் எண்டுற புரதம். கோதுமை மாவில தண்ணி விட்டுக் குழைக்கக் குழைக்க அது நார் மாதிரிப் பின்னிக்கொள்ளும், பறோட்டாவுக்கு அது நல்லது, திருவிருந்து அப்பத்துக்கு அதுதான் எதிரி. அதைக் குறைக்க மூண்டு வழி கண்டன். ஒண்டு, எண்ணெய், அது மாவைச் சுத்திப் பூசி நார் நீளமா வளர விடாது. ரெண்டு, ஆட்டா மா, அதில இருக்கிற தவிடு நாரை இடைக்கிடை வெட்டும். மூண்டாவது எங்கட குசினியிலயே இருந்தது, அவிச்ச மா. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாங்கள் கோதுமை மாவை நீத்துப்பெட்டியில அவிச்சு அரிச்சு வைக்கிறனாங்கள்தானே, அந்த ஆவிச் சூட்டில குளூட்டன் நாராப் பின்னுற பலத்தை இழந்துபோகும், பிறகு குழைச்சாலும் முந்தி மாதிரி இழுபடாது. முழுக்க அவிச்ச மா போட்டுப் பாத்தன், பிடேக்க புட்டு மாதிரி உதிர்ந்துபோச்சு, பாண் தூள் திரும்பவும் வந்தமாதிரி. கால் பங்குதான் சரி.

இப்ப செய்யிறது இது. ஆட்டா மா ஒரு கோப்பை, அவிக்காத பச்சைக் கோதுமை மா அரைக் கோப்பை, அவிச்ச மா அரைக் கோப்பை, மூண்டையும் ஒண்டா அரிதட்டால அரிக்கோணும், அவிச்ச மாவில கட்டி ஒண்டு இருந்தாலும் அந்த இடத்தில அப்பம் தப்பா உடையும். உப்பு அரைத் தேக்கரண்டி. வாசம் இல்லாத எண்ணெய் மூண்டு மேசைக்கரண்டி, முதல்ல எண்ணெயை மாவில விரலால தேய்ச்சுப்போட்டுத்தான் தண்ணி. தேன் ரெண்டு மேசைக்கரண்டி, அதை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, தண்ணி அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் குறைவா, பாத்துப் பாத்து விடுங்கோ. சேர்ந்து வந்தாப் போதும், குழைக்க வேண்டாம். நல்லெண்ணெய் விட்டும் பாத்தன், ஆராதனையில தோசை வாசம் வந்தது. தேனுக்குப் பதிலாப் பனம் பாணி விட்டன், ருசி எனக்கு நல்லாப் பிடிச்சது, நிறம்தான் கருத்துப்போச்சு, வெள்ளைச் சீலைக்கு மேல ஏதோ கருகினது மாதிரி இருந்தது எண்டு விட்டிட்டன். பேக்கிங் பவுடர் சில செய்முறையள்ல போடச் சொல்லும், அதுவும் பொங்க வைக்கிறதுதான், நான் போடுறேல்லை.

மாவைக் குழைச்சு மூடி மணிக்கணக்கா வைக்கவும் கூடாது. எங்கட வெயிலுக்கு அது தானாவே புளிக்கத் தொடங்கும். யூதர் பஸ்காவுக்கு மாட்ஸா எண்டுற புளிப்பில்லாத ரொட்டி சுடேக்க தண்ணி பட்ட நேரத்தில இருந்து 18 நிமிசத்துக்குள்ள சுட்டு முடிக்கோணும் எண்டு வச்சிருக்கிறதும் இதுக்குத்தான். நான் அந்தக் கணக்கை அப்பிடியே பிடிக்கிறேல்லை, ஆனா தோசைக்கல்லைக் காயவிட்டிட்டுத்தான் தண்ணி விடுறனான்.

மூண்டு உருண்டை வரும். ஒவ்வொண்டையும் போத்தலால உருட்டி, 15 சென்ரிமீட்டர் அகல வட்டம், சின்னவிரல் அரைவாசி மொத்தம். இனித்தான் பிடுறதுக்கான வேலை. கத்தி முதுகால 2 சென்ரிமீட்டருக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்குமா, ஆழம் பாதிக்கு மேல போகாமல். நடுவால போற ஒரு கோடு மட்டும் மற்றதுகளை விட ஆழமா இருக்கோணும், அதிலதான் ஐயர் பிடுவார். பிறகு முள்ளுக்கரண்டியால ஒவ்வொரு சதுரத்திலயும் குத்து, இல்லாட்டி ஆவி நிண்டு பூரி மாதிரி எழும்பிக் கோடெல்லாம் அழிஞ்சுபோகும். கோடு போட்ட பக்கம் மேல இருக்க, தோசைக்கல்லில மெல்லிய நெருப்பில 5 நிமிசம், திருப்பி 4 நிமிசம். நெருப்பைக் கூட்டினா வெளியில கருகி உள்ளுக்குப் பச்சையாக் கிடக்கும், பச்சை மா இழுபடும், பாடுபட்டதெல்லாம் வீண். ஒரு வட்டத்தில ஏறக்குறைய 40 துண்டு, ரெண்டு வட்டம் எங்களுக்குக் காணும், மூண்டாவது கையிருப்பு.

ஓவனில சுட்டா என்ன எண்டு கேப்பியள். அயல் வீட்டு அக்காவின்ர கரண்ட் ஓவனில ரெண்டு தரம் சுட்டனான், 180 பாகையில 13 நிமிசம், நிறம் ஒரேசீரா வந்தது, கோடும் கல்லில வாறதை விட வடிவா நிண்டது. ரெண்டு தரத்தை வச்சு இதுக்கு மேல சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனா 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்டதையும் காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில நிண்டதையும் மறக்கேல்லை, தோசைக்கல்லு விறகு அடுப்பிலயும் வேலை செய்யும். சபைக்காரியத்தைக் கரண்டை நம்பி வைக்க எனக்கு மனம் வராது.

சுட்டது சூடா இருக்கேக்க மூடக்கூடாது, வேர்த்துத் தோஞ்சுபோகும். சுளகில துணி விரிச்சு ஆறவிட்டு, பிறகு சுத்தமான சீலையில சுத்தி டின்னில வையுங்கோ. சனி பின்னேரம் சுட்டா ஞாயிறு காலமை சரியாப் பிடும், தேனும் எண்ணெயும் இருக்கிறதால இரவுக்குள்ள கல்லாகாது. திங்கள் வரைக்கும் நான் நம்ப மாட்டன். மாரியில மட்டும் ஞாயிறு விடிய நாலரைக்கு எழும்பிச் சுடுறன்.

ரெண்டாவது மாசம் ஐயர் தூக்கிப் பிட்டபோது "டக்" எண்டு ஒரு சத்தம், நடுக்கோட்டால நேரா ரெண்டாச்சு. கடைசி வாங்கில இருந்த அம்மா ஒருத்தர் வெளியில வந்து என்ர கையைப் பிடிச்சு "பிள்ளை, சத்தம் எனக்கும் கேட்டது" எண்டவ. அவவுக்குக் கண் பார்வை குறைஞ்சு கொஞ்சக் காலம். அதுக்குப் பிறகு வேஃபரா அப்பமா எண்டு எங்கட சபையில ஒருத்தரும் கேக்கேல்லை.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆக்கள் இருந்தா இந்த அப்பம் ஒருக்காலும் சரிவராது, அவிச்ச மா போட்டாலும் குளூட்டன் அதுக்குள்ளதான் இருக்கு, அவைக்கு வேற தட்டில வேற ஏற்பாடு வேணும், அதை ஐயரோட முதலே கதைச்சு வையுங்கோ.

வேஃபர் டின்னை நான் எறியேல்லை. படுக்கையில கிடக்கிற ஆக்களுக்கு ஐயர் வீடு வீடாப் போய்த் திருவிருந்து குடுக்கேக்க அதுதான் போகுது. விழுங்கக் கஸ்டப்படுற ஒருத்தருக்கு என்ர அப்பம் தடிப்பு, வேஃபரைத் திராட்சை ரசத்தில தோய்ச்சு நாக்கில வச்சா அப்பிடியே கரைஞ்சிடும்.