மேக்கும் விண்டோஸும் பேசாது என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

திருச்சியில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். கீழே என் விண்டோஸ் 10 டெஸ்க்டாப், மாடியில் மகளின் மேக்புக், தம்பியின் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப். மூன்றிலும் படங்களை எடுத்து வேலை பார்க்க வேண்டும் என்று பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் சொன்னேன். ஆள் வந்தார். மாடிக்குக் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டர் வைத்து 9,500 ரூபாய் வாங்கினார். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி சேரும்க்கா, எதுக்கு?" என்று கடைக் கார்டின் பின்னால் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மாடியில் நெட் வந்தது. ஆனால் மேக்கில் டெஸ்க்டாப் தெரியவே இல்லை. மறுபடி கூப்பிட்டோம். அரை நாள் எதையெதையோ தட்டிப் பார்த்தவர், "மேக்கும் விண்டோஸும் ஒண்ணோட ஒண்ணு பேசாதுக்கா, தனியா நாஸ் பெட்டி வாங்கணும், பதினாலாயிரம் ஆகும்" என்றார். நாஸ் என்றால் எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் தனிச் சேமிப்புப் பெட்டி. பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குள் நெட்வொர்க் வேலையில் இருக்கும் சித்தி மகன் வந்தான். கேபிளை மாடி ரூட்டரின் வேன் (WAN) துளையில், அதாவது வெளி இணைய இணைப்புக்கான துளையில், செருகியிருந்தார்கள். அதனால் கீழே 192.168.1, மாடியில் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளோடு ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க். பிறகு எப்படித் தெரியும்? கேபிளை வீட்டுக்குள் இணைக்கும் லேன் (LAN) துளைக்கு மாற்றினான், மாடி ரூட்டரில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்தினான், அந்த ரூட்டருக்குக் கீழ்வீட்டு ரூட்டரின் முகவரி வரிசையிலேயே வேறு முகவரி கொடுத்தான். டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டுடன் தனி யூசர் உண்டாக்கி ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்தான். மேக்கும் உபுண்டுவும் உடனே திறந்தன. இரண்டுக்கும் எஸ்எம்பி என்ற ஃபைல் பகிரும் முறை தெரியும். விண்டோஸ் ஃபைல் பகிர்வதும் அதில்தான். நாஸ் பெட்டி தேவையே இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அடுத்து அவன் காட்டியதுதான். அந்த ஆள், வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்திருந்தார். டி டிரைவ் முழுவதையும் பாஸ்வேர்டே இல்லாமல், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று திறந்து வைத்திருந்தார். போதாக்குறைக்கு எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐயும் உயிர்ப்பித்திருந்தார். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை என்ற வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 10-இல் ஃபைலைப் பகிர அதை மைக்ரோசாஃப்ட் தானாக வைப்பதில்லை. மூன்று வருடக் கல்யாணப் படங்கள் அந்த டிரைவில் இருக்கின்றன. அவை என்னுடையவை அல்ல, என்னை நம்பிக் கொடுத்தவர்களுடையவை.

கேபிளிலும் மோசடி. உறையில் கேட் 6 என்று இருக்கிறது, அப்படியென்றால் உள்ளே முழுச் செம்புக் கம்பி இருக்க வேண்டும். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. எட்டுக் கம்பியில் நான்கைத்தான் இணைத்திருந்தார். ஜிகாபிட் வேகத்துக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும், நான்கில் 100 எம்பிபிஎஸ்தான் வரும். 40 ஜிபி ஆல்பம் மாடிக்குப் போக ஒரு மணி நேரம் ஆனது இதனால்தான். உங்கள் வீட்டிலும் யாராவது கேபிள் இழுத்திருந்தால், அதைக் கம்ப்யூட்டரில் செருகி, ஈதர்நெட் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 100 என்றிருக்கிறதா 1000 என்றிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடையில் போய்க் கேட்டேன். "நெட் வருதுல்ல?" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம் என்று பார்த்தால், ஆதாரமாகக் காட்ட என்னிடம் அந்தக் கார்டின் பின்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.