புறப்படும் முன் ஒரு பேச்சுப் பயிற்சி: வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கான முன்தயாரிப்பு வகுப்பு குறித்து

தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று, புறப்படுவோருக்காக நடத்தும் முன்தயாரிப்பு வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. தாமாகப் படித்துக்கொள்ளும் இணையப் பாடங்கள், நேரலையில் நடைபெறும் உரையாடல் பயிற்சி, பணியிடம் சேர்ந்த பிறகு கிடைக்கும் தொலைபேசி ஆலோசனை ஆகியவை இதில் அடங்கும். உரையாடல் பயிற்சிக்காகவே இதில் சேரலாம் என்பது என் கருத்து. பாடங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், தொலைபேசி ஆலோசனையை நம்பியிருக்கக் கூடாது.

இணையப் பாடங்கள் பெரும்பாலும் செய்யக்கூடாதவற்றின் வரிசையாகவே உள்ளன. இடக்கையால் பொருளை நீட்டாதீர்கள், குழந்தைகளின் தலையைத் தொடாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று அவை செல்கின்றன. இவற்றில் எதுவும் தவறான அறிவுரை அன்று. ஆனால் சங்கடமான உரையாடல்களைப் பெரும்பாலும் நாம் தொடங்குவதில்லை. அவை நம்மைத் தேடி வருகின்றன. சம்பளம் எவ்வளவு, திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை ஏன் இல்லை, எந்தக் கடவுளை வணங்குகிறீர்கள் என்ற கேள்விகள், பணியிடத்தில் பையை இறக்கி வைப்பதற்குள் வந்துவிடுகின்றன. வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் இயல்பாகப் படும் இதே கேள்விகள், அறிமுகமற்றவர் கேட்கும்போது அத்துமீறலாகத் தோன்றுகின்றன. இவற்றுக்கு முகம் சுளிக்காமல் எப்படிப் பதில் சொல்வது, சொல்ல விருப்பமில்லாததை எப்படி மரியாதையாகத் தவிர்ப்பது என்பது குறித்துப் பாடங்களில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக, அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976-இல் விளக்கிய பகுப்பை, அதாவது வெளிப்படையாகப் பேசும் பண்பாடுகள், சூழலையும் குறிப்பையும் சார்ந்து பேசும் பண்பாடுகள் என்ற பிரிவை, வண்ண வரைபடமாக்கி நாட்டுக்கு ஒரு நிறம் பூசியிருக்கிறார்கள். ஒரே மருத்துவமனையின் தலைமை மருத்துவரும் அங்கு புதிதாகச் சேர்ந்த செவிலியரும் ஒரே விதமாகப் பேசுவதில்லை என்பது ஒரு வாரம் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியவில்லை.

பாடங்களில் ஒன்று மட்டும் சிறப்பானது. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான அமைதிப் படை (Peace Corps) தொடங்கப்பட்ட 1961-ஆம் ஆண்டிலேயே, நைஜீரியாவின் இபாதான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு தன்னார்வலர், அங்குள்ள வாழ்க்கை நிலையை இழிவாக விவரித்து நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அது அஞ்சலில் சேராமல் தவறி விழுந்து, மாணவர்கள் கையில் சிக்கி, படியெடுக்கப்பட்டு, பெரும் எதிர்ப்பாக வெடித்தது. அவர் நாடு திரும்ப நேர்ந்தது. ஊருக்கு எழுதுவதை உள்ளூர்க்காரர்கள் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அப்போதே பொய்த்தது. இன்று சமூக ஊடகத்தில் இடும் ஒரு படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நிமிடமே பார்த்துவிடுவார். இந்த இணைப்பைப் பாடம் நன்றாகவே விளக்குகிறது.

நேரலைப் பயிற்சியை நடத்துபவர், முன்பு தம் நாட்டில் வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கும் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இடையே ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியராக நடிக்க, வகுப்புகள் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை என்பதை எங்களில் ஒருவர் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னார். அதற்கு அவர், “நீங்கள் சொல்வது மிகவும் சரி” என்று புன்னகைத்து, இல்லாத கோப்பையில் இல்லாத தேநீரை ஊற்றிக் கொடுத்து, அம்மாவின் உடல்நலம் பற்றி விசாரித்தார். பேசியவர் காரியம் முடிந்த நிறைவோடு நன்றி சொல்லி எழ முற்பட்டபோது, “உங்கள் கோரிக்கையை நான் மறுத்துவிட்டேன், கவனித்தீர்களா?” என்றார் பயிற்றுநர். பிறகு அதே உரையாடலை வேறு விதமாக நடத்தச் செய்தார்: மற்ற ஆசிரியர்கள் இல்லாத நேரத்தில் போவது, குறையாக முன்வைக்காமல் ஆலோசனையாகக் கேட்பது, ஆம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியைக் கேட்பது. “திங்கட்கிழமை தொடங்கிவிடலாமா?” என்பதைவிட, “தொடங்குவதற்கு முன் என்னென்ன ஆக வேண்டும்?” என்ற கேள்வி பல மடங்கு தகவலைத் தருகிறது. பணியிடத்தில் எனக்கு மிகுதியும் கைகொடுத்தது இதுதான்.

பண உதவி கேட்கப்படும் சூழலையும் அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். இணையப் பாடம் இதற்கு, நிறுவன விதிகள் அனுமதிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒருவரிடம் விதியைச் சொல்வது முகத்தில் அடித்தாற்போல இருக்கும் என்றார் பயிற்றுநர். முடியாது என்பதை உங்கள் சொந்தக் காரணத்தோடு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பார்க்கலாம் என்று மட்டும் நழுவாதீர்கள், வசதியுள்ளவர் என்று கருதப்படுபவரின் மழுப்பல் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே பட்டது.

மெக்சிகோவில் சேவை செய்யப் புறப்படும் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களிடம், கத்தோலிக்கப் பாதிரியாரும் சமூக விமர்சகருமான இவான் இல்லிச் 1968-இல் ஆற்றிய உரையும் விவாதத்துக்கு வந்தது. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஆட்களை அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் இதைத் தன் வகுப்பில் அனுமதித்தது பாராட்டத்தக்கது. எங்களில் சிலர் கோபப்பட்டார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்ய இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள்; அந்தக் கோபத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. குழு பெரிதாக இருப்பதால் ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அமைதிப் படையினர் பணி செய்யும் நாட்டிலேயே ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் பயிற்சி பெறுவதை எண்ணினால், இது வெறும் முன்னோட்டம்தான். அதைவிடப் பெரிய குறை, தன்னார்வலர் என்றாலே மேற்கத்திய நாட்டவர் என்ற அனுமானம். ஐக்கிய நாடுகள் சபை 1970-இல் உருவாக்கிய தன்னார்வலர் திட்டத்தில் இன்று பணிபுரிவோரில் பெரும்பான்மையோர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டவர் வருவதாகச் சொன்னார்களே, எங்கே அவர் என்று மேற்கத்தியர் அல்லாத நம்மிடமே விசாரிக்கப்படும் தருணத்துக்கும், உங்கள் நாட்டிலேயே ஏழைகள் இருக்கும்போது இங்கு ஏன் வந்தீர்கள் என்ற நியாயமான கேள்விக்கும் வகுப்பில் எந்தத் தயாரிப்பும் இல்லை.

தொலைபேசி ஆலோசனையை ஒரு முறை பயன்படுத்திப் பார்த்தேன். விருந்தளித்த வீட்டில் ஒரு சால்வையின் நெசவைப் பாராட்டியதும், அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். வாங்கலாமா, மறுக்கலாமா என்று ஆலோசகரைக் கேட்டேன். பரிசுகள் தொடர்பான விதிமுறையின் பிரிவு எண்ணைச் சொல்லி, எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கச் சொன்னார். உடன் பணிபுரிந்த உள்ளூர்க்காரரோ, இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். சேர விரும்புவோர் பதிவு செய்யும்போதே, ஆள் குறைவான வார நாள் குழுவைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். வார இறுதிக் குழுக்களில்தான் நெரிசல் அதிகம்.