தெருக் கலவரங்களைப் படிக்க ஓல்டு பெய்லி ஆன்லைன்

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சு அறிக்கைகள் இந்த இணையதளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன: 1,97,745 வழக்குகள், கட்டணம் எதுவும் இல்லை. நகரக் கலகங்களைப் படிப்பவர்களுக்கு அருமையான மூலம். ஆனால் தேடத் தெரியாமல் இறங்கினால் தப்புக் கணக்கோடுதான் வெளியே வருவீர்கள்.

1780 ஜூனில் நடந்த கார்டன் கலவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்களுக்குத் தந்த சட்டச் சலுகையை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம், 6ஆம் தேதி நியூகேட் சிறையைக் கொளுத்தியது. குற்றவகையில் 'ரயட்' (riot, கலவரம்), காலத்தில் அந்த ஆண்டு என்று கொடுத்தால் முக்கிய வழக்குகள் வந்துவிடும். அதோடு நிறுத்த வேண்டாம். கூட்டத்தின் பெயரைச் சொல்லி மிரட்டிக் காசு பறித்தவர்கள் கொள்ளை வகைக்குள் கிடப்பார்கள். குற்றவகையை எடுத்துவிட்டு 'மாப்' (mob, கும்பல்), 'நோ போப்பரி' (No Popery, கத்தோலிக்க எதிர்ப்பு முழக்கம்) என்ற சொற்களால் மறுபடி தேடுங்கள்.

வழக்கு எண் 'டி17800628' (t17800628) என்று தொடங்கும். அதில் தெரியும் ஜூன் 28 அமர்வு தொடங்கிய நாள்தான். விசாரணைகள் ஜூலையிலும் நடந்தன. நாள்வாரியாக வரைபடம் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். எண்ணுவது வழக்குகளையா, குற்றம்சாட்டப்பட்டவர்களையா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே வழக்கில் பலர் நிற்பதுண்டு.

தளத்தின் உண்மையான பலம் சாட்சியங்கள். யார் முன்னால் நின்றார், எந்தப் பொருளை வெளியே எறிந்தார், எந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்தது என்று குறுக்கு விசாரணை துருவுகிறது. நியூகேட் வழக்குகளில் ஜான் குளோவர், பெஞ்சமின் பௌசி என்ற இரு கறுப்பினத்தவர் வருகிறார்கள். நகரத்தின் தூக்குத் தண்டனை நிறைவேற்றுநர் எட்வர்ட் டென்னிஸே கலவர வழக்கில் கூண்டேறியிருக்கிறார். குற்றவாளி என்று தீர்ப்பாகி, பிறகு மன்னிப்பும் பெற்றார்! 1834 அக்டோபர் வரையிலான அறிக்கைகளை இரண்டு முறை தட்டச்சிட்டு ஒப்பிட்டிருப்பதால் எழுத்துப் பிழை குறைவு. சந்தேகம் வந்தால் மூலப் பக்கத்தின் படத்தையும் பார்க்கலாம். ஆனால் அந்த அச்சு அறிக்கையே சுருக்கித் தொகுத்ததுதான். வழக்கறிஞர் வாதங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

ஓட்டைகளும் பெரியவை. தேம்ஸுக்குத் தெற்கே சதர்க் பகுதியில் பிடிபட்டவர்களைத் தனி ஆணையம் விசாரித்தது. அவர்கள் இங்கே இல்லை. இந்தத் தரவை மட்டும் வைத்து வரைந்தால் தென்கரை அமைதியாக இருந்ததுபோல் தோன்றும். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய கார்டன் பிரபுவின் தேசத்துரோக வழக்கு கிங்ஸ் பெஞ்ச் என்ற வேறு நீதிமன்றத்தில் நடந்தது, அதுவும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்கிலேயே கலவரத்தை அடக்க வந்த ராணுவம் கொன்றவர்கள் 285 பேர். செத்தவர்மேல் வழக்கு ஏது?

காலங்களை ஒப்பிடும்போது இன்னும் கவனம் தேவை. 1887 நவம்பர் 13 டிரஃபால்கர் சதுக்கத்தில் போராட்டக்காரர்களும் போலீசும் மோதியதற்காகத் தொழிலாளர் தலைவர் ஜான் பர்ன்ஸும் நாடாளுமன்ற உறுப்பினர் கன்னிங்ஹாம் கிரஹாமும் 1888 ஜனவரியில் இங்கே விசாரிக்கப்பட்டார்கள். அன்று பிடிபட்ட மற்றவர்களில் பெரும்பாலோர் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களோடு முடிந்துபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் 'ரயட்' வழக்குகள் குறைவதைப் பார்த்து லண்டன் தெரு அடங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வழக்குகள் இடம் மாறியிருக்கின்றன.